காலி டிஸ்க்கில் இருந்த ஏழு விநாடி

நம்ப மாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே "போய் நல்லாத் தூங்குப்பா" என்றிருப்பேன். பன்னிரண்டு வருஷமாக மைசூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன், பேய் என்று பயந்து கூப்பிட்ட இடத்தில் எல்லாம் எலி கடித்த வயரைத்தான் பார்த்திருக்கிறேன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு மாடியில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ. அதை நடத்திய சேகர் போன மாசியில் இறந்துபோனார், அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் மனைவி கலா அக்காதான் கூப்பிட்டார். சேகர் எடுத்த வீடியோ மொத்தமும் இருந்த பதினாறு டிபி டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது, அதற்கு மாற்றாக அக்கா அதே மாடலில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

"எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நின்னுட்டாரு தம்பி. அவரு குரல் ஊரார் கல்யாணத்துலதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல. பாத்துச் செய்யுங்க."

லினக்ஸில் இதெல்லாம் எனக்கு ஜுஜுபி. இவ்வளவு பெரிய டிஸ்க்கைப் பழைய முறையில் பிரித்தால் இரண்டு டிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது என்பதால் ஜிபிடி முறையில் ஒரே பார்ட்டிஷனாகப் போட்டேன். சிஸ்டம் புதிய டிஸ்க்குக்கு வைத்த பெயர் எஸ்டிசி, பழையதுக்கு எஸ்டிபி. ஃபார்மேட் ஓடும்போதே கரண்ட் போனது. வந்ததும் மறுபடி ஆன் செய்து, மனப்பாடமாக அதே எஸ்டிசிக்குக் கட்டளை அடித்தேன். இதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, தொடரவா என்று கேட்டது. பாதியில் நின்றுபோனதைத்தான் சொல்கிறது என்று ஒய் அடித்து, அழுத்துவதற்காக என்டரில் விரலை வைத்தேன்.

"ஸ்வல்ப இருப்பா."

கொஞ்சம் பொறு என்று, கன்னடம் கலந்த ஆண் குரல், முதுகுக்குப் பின்னால். திரும்பினேன், யாருமில்லை. பகல் மூன்று மணி, அக்கா பால் வாங்கக் கீழே போயிருந்தார். விரலை எடுத்துவிட்டு இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் பார்த்தேன். திரும்ப ஆன் செய்ததில் பெயர்கள் இடம் மாறியிருந்தன. எஸ்டிசி இப்போது பழைய டிஸ்க். அந்த என்டரை அழுத்தியிருந்தால் அக்காவுக்கு அவர் புருஷன் குரல் அன்றோடு சரி.

புதியதை ஃபார்மேட் செய்து திறந்தேன். ஃபார்மேட் ஆனதும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்று ஒரு ஃபோல்டர் தானாக வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதில் ஒரு வீடியோ இருந்தது. ஏழு விநாடி.

அதற்குள் அக்கா வந்துவிட்டார், சேர்ந்துதான் பார்த்தோம். இதே அறை, மூலையிலிருந்து எடுத்தது. அங்கே கேமராவே கிடையாது, எல்லாவற்றையும் அக்கா விற்றாயிற்று. என் முதுகு, என்டரில் என் விரல், அந்தக் குரல்.

"அவருதான். மாலை மாத்துறப்ப எல்லாரையும் இப்படித்தான் நிறுத்துவாரு," என்று அக்கா தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

ஏனென்றால் நான் திரும்பியபோது அங்கே யாருமில்லை, நான் வாயும் திறக்கவில்லை, சத்தியம். வீடியோவில் நான் திரும்புகிறேன், கேமராவுக்குச் சற்று மேலே, ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் பார்க்கிறேன், ரொம்ப நாள் பழகியவன்போலச் சிரித்து, "சரிண்ணா" என்கிறேன்.