பௌர்ணமியில் காலி ரோடு

கட்டைவிரலை அழுத்தி, ஓடுகிற படத்தை நிறுத்திவிட்டுத்தான் சதஃப் நிமிர்ந்து பார்ப்பாள். வாடகை ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் சாவியை நீட்டியபடி நிற்பார். அவள் சாவியை வாங்க மாட்டாள். போனைத் திருப்பி அவர் மூக்குக்கு நேராகக் காட்டுவாள். அதில் ஒருவன் ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் மல்லாந்து கிடப்பான். உங்கள் ஊரில் நிஜமாகவே இப்படித்தான் படுப்பீர்களா, அம்மா திட்ட மாட்டாரா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விசாரணை ஆரம்பமாகும். அவர் சிரிப்பார், யோசிப்பார், தன் அம்மாவும் திட்டத்தான் செய்தாள் என்று கடைசியில் ஒப்புக்கொள்வார். "அப்புறம் ஏன் படத்துல ஒருத்தரும் திட்டல?" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவாள். பாவம், அந்த மனிதர் மலையைப் பார்த்து நிம்மதி தேட வந்தவர்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அவள் அப்பா கவுஸ் பாஷாவின் மெக்கானிக் கடை. ரிப்பேர் வேலையோடு எட்டு ஸ்கூட்டர்களை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கும் விடுகிறார். சதஃப் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. கல்லூரி மதியத்தோடு முடிந்துவிடும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடையின் முன்பக்கம் அவள் பொறுப்பு, வண்டிகளின் அடிப்பக்கம் அப்பா பொறுப்பு. விரிசல் விட்ட போனை என்ஜின் ஆயில் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்ப்பாள். பக்கத்துக் காபிக் கடையின் வைஃபை சுவரைத் தாண்டி வந்து விழுகிறது. பாஸ்வேர்டு யார் கொடுத்தது என்று கேட்டால் உடனே அவளுக்கு ஏதாவது ஒரு வண்டியைத் துடைக்க வேண்டியிருக்கும்.

கொரியத் தொடர், துருக்கித் தொடர், இங்கிலாந்துக் காமெடி, ஈரான் படம், ஜப்பான் படம் என்று வஞ்சனை இல்லாமல் பார்ப்பாள். பார்த்ததையெல்லாம் நீளமான கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பாள். நட்சத்திரம் போடுகிற பழக்கமெல்லாம் கிடையாது. அவளுக்கு இரண்டே அளவுகோல்தான், ஜாஸ்தி, கம்மி. கொரியா: மழை ஜாஸ்தி, குடை கம்மி. துருக்கி: முறைப்பு ஜாஸ்தி, பேச்சு கம்மி, ஒரு ஆள் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் நான் ரெண்டு வண்டி தொடச்சிட்டேன். இங்கிலாந்துக் காமெடியில் பின்னாலிருந்து கும்பலாகச் சிரிக்கிறார்களே, அது அவளுக்கு ஆகவே ஆகாது. 'யார் சிரிக்கிறது? மூஞ்ச காட்டுங்க. சிரிப்பு வந்தா எனக்கே சிரிக்கத் தெரியும்' என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

ஜப்பான் படம் ஒன்றுக்கு மட்டும், 'ஒண்ணுமே நடக்கல. மூணு பேர் சாப்பிட்டாங்க. ரொம்ப நல்லாருக்கு' என்று ஒரே வரி. ஒரு ஈரான் படத்தில் வயதான ஒருவர் காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவார், அவ்வளவுதான் கதை. அதற்கு, 'அழுதேன். ஏன்னு தெரியல' என்று எழுதிவிட்டு, மறுநாள் வேறு பேனாவில், 'தெரிஞ்சுது. அவர் அப்பா மாதிரி நடுநடுவுல இடுப்பப் புடிச்சிக்கிறார்' என்று சேர்த்திருக்கிறாள்.

கோபம் வந்தால் எழுத்து பெரிதாகிவிடும். ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து. எந்த நாட்டுத் தொடராக இருந்தாலும் சரி, தன் வீட்டு ஆண்களின் பெயரோடு ஒருவன் வந்தால் மூன்றாவது எபிசோடில் குண்டு வைக்கிறான், நல்லவனாக இருந்தால் இரண்டாவதிலேயே செத்துப்போகிறான் என்கிறாள். 'கார்புரேட்டர் கிளீன் பண்றவனா ஒருத்தனயாவது காட்டுங்கடா' என்று அந்தப் பக்கம் முடிகிறது.

அம்மா கைசர் ஜஹானுக்கு மகள் தெருவோரம் உட்கார்ந்து போன் பார்ப்பது பிடிக்காது. ஆனால் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் கடைக்கு வந்து அரை மணி நேரம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். கொரியப் பெண் காதலனை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்த நாளில் மட்டும் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். மறுநாள் வந்து, அந்தக் கல்யாணம் நடந்ததா என்று கேட்டார்.

இந்த நோட்டுக்கு வேலை வந்தது போன பருவத்தில். 'ஊடகத் தமிழ்' தாளுக்கு, பத்து நாட்டுப் படைப்புகளைப் பார்த்து எதிர்வினை எழுதி வரச் சொன்னார் பேராசிரியை அருணாதேவி. மிகச் சிறந்த கட்டுரையைத் துறைக் கருத்தரங்கில், வெளியூரிலிருந்து வருகிற அறிஞர்கள் முன்னால் மேடையேறிப் படிக்கலாம் என்றும் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டினார்கள். சதஃபுக்கு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குப் பத்தில் எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. அந்த மேடை தனக்குத்தான் என்று முதல் நாளே மனசுக்குள் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டாள்.

முதலில் ஒரு அடி வாங்கினாள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியக் காதல் படம் ஒன்றில், முழு நிலவு காய்கிற தெருவில் காதலர்கள் இருவர் மட்டும் நடந்து போகிறார்கள். வகுப்பில் அதற்கான எதிர்வினையை எழுந்து நின்று வாசித்தாள்: "நம்பவே முடியல. பௌர்ணமில ரோடு எப்படி காலியா இருக்கும்? தடுப்பு எங்க? அன்னதானம் எங்க? ஸ்பெஷல் பஸ் எங்க?" வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி பெஞ்ச் மணிவேல் அன்றிலிருந்து அவளுக்குப் 'பௌர்ணமி' என்று பெயர் வைத்துவிட்டான். எல்லா ஊரிலும் மலை இல்லையம்மா, எல்லா ஊரிலும் கிரிவலம் வர மாட்டார்கள் என்று அருணாதேவி பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மதியமே கடைக்கு வந்த இத்தாலிக்காரரை நிறுத்தி விசாரித்தாள். தன் ஊரில் பௌர்ணமி என்றைக்கு வருகிறது என்றே தனக்குத் தெரியாது என்றார் அவர். அதற்கப்புறம்தான் அந்தப் பத்தியைத் தன் கையாலேயே அடித்து, 'தப்பு என்னுது' என்று ஓரத்தில் எழுதினாள். தப்பென்று தெரிந்தால் அடித்துவிடுவாள், அதற்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வந்த வினை ஒன்பதாவது எதிர்வினையில் இருந்தது. அதுவும் ஒரு வெளிநாட்டுப் படம்தான், ஆனால் கதை நடப்பது இந்த ஊரில். புருஷனைப் பிரிந்த ஒரு பெண் மனம் நொந்து இந்தியா வருகிறாள், மலையைப் பார்க்கிறாள், அழுகிறாள். கடைசிக் காட்சியில், முழு நிலவில், கிரிவலப் பாதையில் தன்னந்தனியாக நடக்கிறாள். முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. சதஃப் எழுதியிருந்தது இதுதான்: 'நிம்மதி ஜாஸ்தி, ஜனங்க கம்மி. ஒரு அம்மா அவளுக்கு டீ குடுக்குது, வாயே தொறக்கல. எங்க ஊர்ல டீ குடுக்கிற அம்மா வாய மூடி நான் பார்த்ததே இல்ல. பௌர்ணமிக்கு அந்த ரோட்டுல லட்சக்கணக்குல ஜனங்க நடக்குது. அவங்கள யார் எடுத்துட்டது? எங்க கொண்டு போய் வெச்சிருக்கீங்க?'

அருணாதேவி நல்லவர். கட்டுரையைப் படித்ததும், மேடையில் படிக்கப்போவது நீதான் என்று சொல்லிவிட்டார். கூடவே இரண்டு திருத்தங்களும் சொன்னார். முதலாவது, ஜாஸ்தியும் கம்மியும் உருதுச் சொற்கள், மிகுதி என்றும் குறைவு என்றும் மாற்ற வேண்டும். சதஃப் அசையவில்லை.

"எங்க வீட்டுல உருதும் பேசுறோம், தமிழும் பேசுறோம் மேடம். ரெண்டுலயும் இந்த வார்த்தைதான் வருது. நேத்து கேன்டீன்ல நீங்ககூட சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னுதான் சொன்னீங்க" என்றாள்.

அருணாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டாவதில்தான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலி ரோடு ஒரு குறியீடு, அது அந்தப் பெண்ணின் தனிமை. இதைப் போய் ஆட்கள் எங்கே என்று கேட்டால், போன தடவை வகுப்பு சிரித்ததுபோல அறிஞர்களும் சிரிப்பார்கள். ஒன்பதாவதை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவா, இல்லையென்றால் மணிவேல் கட்டுரைதான் போகும் என்றார். மணிவேல் எங்கிருந்து ஒட்டினான் என்பது சதஃபுக்குத் தெரியும்.

அன்று மதியம் கடையில் அவள் படம் எதுவும் போடவில்லை. அப்பாவுக்கு அதுவே பெரிய சேதியாக இருந்தது. வண்டிக்கு அடியிலிருந்தே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேடம் சொல்கிறபடி எழுதிக் கொடுத்துவிட்டு மேடையேறுவதை விட்டு எதற்கு வம்பு என்பது அவர் கட்சி. மகள் அந்தக் கடைசிக் காட்சியை எடுத்து, கட்டைவிரலால் நிறுத்தி, வண்டிக்குக் கீழே நீட்டினாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கவுஸ் பாஷா கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில், எல்லம்மாளின் டீக்கடைக்குப் பக்கத்தில், பஞ்சர் பெட்டியோடு உட்காருகிறவர். அன்றைக்கு அந்தப் பாதையில் வண்டி விட மாட்டார்கள்தான். ஆனால் பொரிக்கடைத் தள்ளுவண்டிக்கும், நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து வருகிற சக்கர நாற்காலிக்கும் காற்று இறங்காமலா இருக்கும்? இருபது வருஷமாக ஒரு பௌர்ணமி தவறவிட்டதில்லை. அவர் கைபட்ட நாற்காலிகள் எத்தனையோ முறை மலையைச் சுற்றி வந்திருக்கின்றன.

கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"இது அடி அண்ணாமல வளைவாச்சே. அந்தப் புளியமரத்தடியிலதான நான் உக்காருவேன்?" என்றார். எல்லம்மாளின் கடை எங்கே என்று தேடினார். பிறகு, யாரோ எடுத்து ஒளித்து வைத்த பொருளைக் கேட்கிறவர் மாதிரி, "என்னைக் காணோமேம்மா?" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடிவிட்டுத்தான் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஸ்பேனர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது நின்றது.

"மாத்தாத" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கட்டுரையைப் புதிதாகப் பிரதி எடுத்தாள். ஒன்பதாவதை எடுக்கவில்லை, கூட்டினாள். அந்த ரோட்டில் பௌர்ணமியன்று யார் யார் இருப்பார்கள் என்று அடி அண்ணாமலைக்கே போய்க் கேட்டு எழுதினாள். எல்லம்மாள், டீ. கவுஸ் பாஷா, பஞ்சர். ராமகிருஷ்ணன், பொரியும் கடலையும். காசியம்மாள், செருப்பு பார்த்துக்கொள்கிறவர். எல்லம்மாள் தன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், அதில் ஒரு வரியைத்தான் எழுத முடிந்தது: "நான் பேசலன்னா ஜனங்க டீ எங்க இருக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கும்?"

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் அருணாதேவி கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் படித்தார். மழை ஜாஸ்தியில் புன்னகைத்தார். சிலிண்டர் தூக்கிய பெரியவரிடம் கொஞ்சம் நின்றார். ஒன்பதாவதுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எடுக்கச் சொன்ன இடத்தில் ஒரு பக்கம் கூடியிருந்தது. அதட்டவில்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், மற்ற ஒன்பதும் அருமை, இது ஒன்றை எடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை மேடை உனக்குத்தான் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"எடுத்துட்டா மேடைல நானும் அந்த டீ குடுக்கிற அம்மா மாதிரிதான் மேடம் நிப்பேன்" என்றாள் சதஃப். "வாயத் தொறக்காம. அதுக்கு மணிவேலே போகட்டும்."

அருணாதேவி சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, ஒன்பதாவது பத்தியின் முதல் வரியை அடிக்கக் கொண்டுபோனார்.

சதஃப் குனிந்து, நகக்கண்ணில் ஆயில் கறுப்பு படிந்த தன் கட்டைவிரலை அந்த வரியின் மேல் வைத்து அழுத்தினாள். ஓடுகிற படத்தை நிறுத்துகிற அதே விரல். பேனா முனை அந்த விரலைத் தொட்டு நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை.