ஜிம்மியை உட்காரவைத்த கதை

நாயைப் பழக்குவது லேசான வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரி புல்வெளியில் நின்று விரலைக் காட்டுகிறாள், நாய் உட்காருகிறது. அவளுக்கென்ன? அவள் நாய்க்கு ஒரே வீடு. எங்கள் ஜிம்மிக்குப் பன்னிரண்டு வீடு.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய பன்னிரண்டு வீடுகள் கொண்ட லயத்தில் நாங்கள் இருந்தோம். எனக்குப் பத்து வயது. ஜிம்மி என்று பெயர் வைத்தது நான். பக்கத்து வீட்டில் அதற்கு டைகர், கோடி வீட்டில் கறுப்பன். யார் ரொட்டி போட்டாலும் அவர்கள் வைத்த பெயருக்கு வாலாட்டும். மானங்கெட்ட நாய். காலையில் மட்டும் அதற்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். அம்மா கொழுந்து பறிக்கக் கிளம்பினால் பின்னாலேயே பெரட்டுக்களம் வரைக்கும் போகும்.

பெரட்டுக்களத்தில்தான் ஆட்களை எண்ணி, யார் எந்த மலைக்கு என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பிரித்து அனுப்புவார். அவர் மோட்டார் சைக்கிளில் வருவார். ஜிம்மிக்கு மோட்டார் சைக்கிளைக் கண்டால் ஆகாது. ஒருநாள் அது துரத்திய துரத்தலில் அவர் வண்டியோடு ரோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். நின்றிருந்த பெண்கள் சிரித்துத் தொலைத்தார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பாரோ என்னவோ.

"இன்னொரு நாள் இந்த நாய் இங்கன வந்துச்சு, லொறியில ஏத்தி ஹாலிஎல பக்கம் கொண்டுபோய் விட்டுருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

கயிற்றில் கட்டினோம், கடித்துத் துண்டாக்கியது. சங்கிலி போட்டோம், ஊளையிட்டது. பக்கத்து வீட்டுச் சித்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

இந்த நிலைமையில்தான் அம்மாவின் தம்பி கொழும்பிலிருந்து தீபாவளிக்கு மூன்று வார லீவில் வந்தார். துணிக்கடையில் வேலை. ஆனால் உலகத்தில் மாமாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. "நாய் பழக்குறதெல்லாம் ஒரு வேலையாடி? போன்ல எல்லாம் இருக்கு" என்றார். அவர் போனுக்குத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போனால்தான் சிக்னல். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து ஜிம்மியிடம் விரலைக் காட்டுவார். ஜிம்மி விரலை நக்கும். மறுபடி தாங்கிக்குப் போவார். மூன்றாம் நாள் அலுத்துப்போய், "நான் சொல்றத நீ செய்" என்று வேலையை என் தலையில் கட்டினார்.

லய வீடுகளின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். நான் ரொட்டித் துண்டைப் பிடித்துக்கொண்டு "ஜிம்மி, இரு" என்பேன். அது பின்னங்காலை மடக்கும் நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தி, "டைகர், வாடா, கருவாட்டுத் தல வச்சிருக்கேன்" என்பாள். போய்விடும். கோடி வீட்டுத் தாத்தா, "அட, அதப் போட்டு ஏன் வதைக்கிற, நாயி நாயாத்தானே இருக்கும்" என்று அங்கிருந்தே நியாயம் பேசுவார். நான் சுவரைப் பார்த்துக் கத்துவேன். மாமா கட்டிலில் படுத்துக்கொண்டு, "பொறும வேணும்டி, பொறும" என்பார்.

கடைசியில் லயத்தை விட்டுக் கீழே, தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு அதை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே யாருடைய குரலும் வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான். என் ரொட்டியில் பாதி அதற்கு. உட்கார், இரு, வா. இந்த மூன்றைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போனது. அட்டை கடித்த கால் வேறு அரித்தது.

ஆனால் வந்துவிட்டது. ஒரு காலையில் அம்மா கூடையை எடுத்தாள். ஜிம்மி எழுந்தது. நான் கையைக் காட்டி "இரு" என்றேன். உடம்பெல்லாம் நடுங்க, முனகிக்கொண்டே, வாசலில் உட்கார்ந்திருந்தது. அம்மா வளைவில் மறையும் வரை அசையவில்லை. மறுநாளும் அப்படித்தான். இனி ஜிம்மியை யாரும் லொறியில் ஏற்ற முடியாது என்று நான் குதித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. நல்லது எது நடந்தாலும் கண்டாக்கையாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பரீட்சையில் பாஸானாலும், புதுச் சைக்கிள் வாங்கினாலும் காட்ட வேண்டும். மாமா கொழும்பில் எத்தனை வருஷம் இருந்தும் அது அவரை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை காலை, "ஐயாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்" என்று ஜிம்மியை அவரே பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனார். நானும் பெருமையாகத்தான் பின்னால் போனேன்.

மாமா "இரு" என்றார். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றும் ஜிம்மி இருந்தது. "அடியே, நம்ம பிள்ளைகள விடச் சொல்பேச்சு கேக்குதே" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கண்டாக்கையாவும் சிரித்தார். வண்டியிலிருந்து இறங்கி அவரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவருக்கும் உட்கார்ந்தது.

"பரவாயில்லயே. நம்ம குவாட்டர்ஸ்ல கோழி களவு போகுது. சாயந்தரம் கொண்டாந்து கட்டிரு" என்றார்.

மாமாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் "சரிங்கய்யா" என்றார். அம்மா கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே, "சரிங்க" என்றாள்.

மறுநாள் குவாட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே நின்று, "ஜிம்மி, வா" என்று கூப்பிட்டேன். சங்கிலி கூடப் போட்டிருக்கவில்லை. சடாரென்று எழுந்து ஓடிவந்தது. முற்றத்தில் நின்ற கண்டாக்கையா திரும்பிக்கூடப் பார்க்காமல் "இரு" என்றார். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தது. நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எழவில்லை.

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். நன்றிகெட்ட நாய் என்று ஜிம்மியைத் திட்டினேன். மாமாவோடு அவர் பஸ் ஏறும் வரை பேசவில்லை. "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று அம்மாவிடம் கத்தினேன். "ஐயா கேட்டா எப்பிடிடி முடியாதுன்னு சொல்றது?" என்றாள். அதற்கும் அவளைத்தான் திட்டினேன். கூரைக்குக் கீழே நடுச்சுவருக்கு மேலாக லயம் முழுக்க அது கேட்டிருக்கும்.

கண்டாக்கையாவைத் திட்ட எனக்குத் தோன்றவே இல்லை. மழை பெய்தால் யாரும் மழையோடு சண்டைக்குப் போவதில்லை. அப்படித்தான் அவரை நினைத்திருந்தேன்.