பெடலைக் குறை சொன்ன மாஸ்டர்

பிழைக்க வந்த வேற்றுமொழி ஊரில் எங்களுடையது தமிழ்க்காரர்கள் தெரு. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்தவரைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் குடியிருந்தது கடைக்கு நேர் மேலே. மாஸ்டர் மெஷினை மிதித்தால் என் கட்டில் அதிரும். நிறுத்தினால் எனக்குக் கவலை வந்துவிடும். பழகின சத்தம் நின்றால் என்னவோ ஏதோ என்று படியிறங்கிப் பார்க்கிற ஆள் நான். அப்படி இறங்கி இறங்கித்தான் அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘மாடி’.

கடையில் மூன்று பேர். வெட்டுவதும் தைப்பதும் மாஸ்டர். பட்டன், ஹூக், காஜா, வருகிறவர்களோடு பேச்சு எல்லாம் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்பேன். அக்காவின் தம்பிக்கு இஸ்திரி வேலை. நாளடைவில் அவர் பெயரே இஸ்திரி ஆகிவிட்டது. தலை நரைக்கத் தொடங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவரைவிட அதிகமாக நான்தான் கவலைப்பட்டேன்.

மாஸ்டரின் பெருமை கையில் இல்லை, காலில் இருந்தது. “கை எவனுக்கும்தான் இருக்கு. கால்தான் டெய்லர்,” என்பார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் பெடல் மிதிப்பார். காலர் முனையில் ஊசி திரும்ப வேண்டிய இடம் வரும்போது, வாசலில் போகிறவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே பாதத்தால் மெஷினைப் பிடித்து நிறுத்துவார். ஊசி நூல் பிசகாமல் நிற்கும். பக்கத்தில் அக்கா வாங்கிப் போட்ட மோட்டார் மெஷின் ஒன்று துணி போர்த்தி நின்றது. வேண்டாத சம்பந்தியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பார்.

“அதுல உக்காந்தா நான் டெய்லர் இல்ல. சுவிட்ச் போடுற ஆளு. அன்னைக்கே கடைய மூடிடு.”

அப்படிப்பட்ட மாஸ்டர் ஒருநாள் ஒரு காலரின் முனையைத் தாண்டித் தைத்தார். பிரித்தார். மறுபடி தைத்தார். மறுபடியும் தாண்டியது.

“பெடல் மந்தமாயிடுச்சு,” என்றார்.

பெடலுக்கு எண்ணெய் விட்டார். பெல்ட்டை மாற்றினார். பெடலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தடவுவதுபோல் தடவிப் பார்த்தார். கடைசியில் ரிப்பேர்காரர் வந்தார். அவர் உட்கார்ந்து மிதித்ததும் மெஷின் பாட்டுப் பாடியது.

“நல்லாத்தானே ஓடுது மாஸ்டர்.”

“உன்கிட்ட நடிக்குது. நீ போனதும் பாரு.”

ரிப்பேர்காரர் போனதும் அவர் பார்த்தார். ஒரு ஜேபி சட்டையில் கோணலாகப் போய் உட்கார்ந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் மோட்டார் மெஷின்மேல் இருந்த துணியை உதறி மறுபடி போர்த்தினார். சொல்லாமல் சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை.

இதற்கு நடுவில் கடையில் சாக்பீஸ் காணாமல் போய்க்கொண்டிருந்தது. துணியில் கோடு போடுகிற தட்டையான வெள்ளைக் கட்டி. மாஸ்டர் எலிமேல் சந்தேகப்பட்டு, பொறி வாங்கி, அதில் சாக்பீஸையே இரையாகவும் வைத்தார். பொறியில் எதுவும் விழவில்லை. இரை மட்டும் போயிருந்தது. எலி கெட்டிக்கார எலி என்று இஸ்திரி பாராட்டினார்.

எலியை நான்தான் பிடித்தேன். மத்தியானம், வீட்டுக்காரர் கடையில் கொடுத்துவிட்டுப் போன வாடகை ரசீதை வாங்க வந்தவன், பட்டன் டப்பாவின் பின்னால் அக்காவைப் பார்த்தேன். உதட்டில் வெள்ளை. கன்னம் உப்பியிருந்தது.

“மாடி, யார்கிட்டயும் சொல்லிடாதே,” என்றார் வாய் நிறைய. “என்னன்னு தெரியல. பாத்தாலே நாக்கு ஊறுது. நீலக் கட்டி அவ்வளவு நல்லா இல்ல.”

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. அந்த வாரமே அக்கா ஒருவருக்கு இடுப்பளவு எடுக்கும்போது டேப்போடு அவர்மேலேயே சாய்ந்துவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய், “நான் ஒண்ணும் பண்ணலைங்க,” என்று மாஸ்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தெருமுனை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து இல்லாத ரத்தசோகை. அக்காவின் நகங்கள் நடுவில் குழிந்து கரண்டிபோல் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சட்டைப் பட்டனை உட்கார வைக்கலாம். வருஷக்கணக்காக மாதாமாதம் அளவுக்கு மீறிப் போன ரத்தம்தான் காரணம் என்றார் டாக்டர். அதற்குத் தனி வைத்தியம். சாக்பீஸ் ஆசையும் அதே நோயின் வேலை; சிலருக்கு மண், சிலருக்கு ஐஸ்கட்டி, டெய்லர் பெண்டாட்டிக்கு இது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்து, டீயோடு மட்டும் போடாதே, டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று சொல்லியனுப்பினார்.

மாஸ்டர் அன்றே மருந்துக் கடையில் விரலைக் குத்தி ரத்த அளவு பார்த்துக்கொண்டார். அவருக்கும் ரத்தம் குறைவு. சில மாதங்களாகவே முகம் வெளுத்து, மஞ்சள் பூசினாற்போலத்தான் இருந்தது.

“ஒரே சட்டியில பொங்கி ஒரே தட்டுல திங்கறோம். அவளுக்கு என்னவோ அதான் எனக்கும்,” என்று மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டிக்கொண்டார். துணி வெட்டுகிற கத்தரிதான். இஸ்திரிக்கும் விரல் குத்தப்பட்டது. அவருக்கும் கொஞ்சம் குறைவு. மீதிப் பாதியும் இரண்டாக வெட்டப்பட்டது.

“டாக்டரைப் பாத்துட்டுப் போடலாமே மாஸ்டர்,” என்றேன்.

“ஒரே அளவு சட்டை மூணு பேருக்கும் சரியா இருக்கும்போது தனித்தனியா எதுக்கு அளவெடுக்கணும்?”

வாழ்நாள் முழுவதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்தவர் சொன்னது இது.

அக்கா தேறினார். சாக்பீஸைப் பார்த்தால் இப்போது குமட்டுகிறது என்றார். மாஸ்டரும் மறுபடி விரலைக் குத்திப் பார்த்தார்; எண் ஏறியிருந்தது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் வீதியில் நடந்தவர் பஞ்சுமேல் நடப்பதுபோல் நடந்தார். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெடல் நாளுக்கு நாள் மந்தமாகியது. ரிப்பேர்காரர் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் காலை மாஸ்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே குனிந்து பட்டன் பொறுக்கினார். குனிந்தவர் நிமிரவில்லை.

“என்னங்க, காலுல குண்டூசி.”

“எந்தக் காலுல?”

“உங்க காலுல. தலை மட்டும்தான் வெளிய தெரியுது.”

மாஸ்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அக்கா பிடுங்கினார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. “வலிக்கலையா?” என்றார் அக்கா. மாஸ்டர் டீயை வைத்துவிட்டு மெஷினைப் பார்த்தார். இத்தனை நாள் பெடலைத் திட்டிக்கொண்டிருந்தவருக்கு, திட்டவேண்டியது எதை என்று அப்போதுதான் தெரிந்தது.

“மாடியக் கூப்பிடு,” என்றார். “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேசுவது அந்த ஊர் மொழி. மாஸ்டருக்கு அதில் அளவும் விலையும் மட்டும்தான் தெரியும். ஆகவே நடுவில் நான். மூவரையும் கூட்டிப் போனேன். எனக்குத்தான் முதலில் படபடப்பு வந்து, நர்ஸ் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

டாக்டரம்மா ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே மாஸ்டரின் கால் கட்டைவிரலில் வைத்தார். “தெரியுதா?”

“காதுக்குக் கேக்குது. காலுக்குத்தான் கேக்கல.”

கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மாஸ்டர் மூடினார், அப்படியே இஸ்திரிமேல் சரிந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இஸ்திரி போட்ட பட்டுத்துணிபோல் வழுவழுவென்று சிவந்திருந்தது. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

“பால் விடாத டீ. ரொட்டி. சோறு, காய். கறி, முட்டை, பால் எல்லாம் நெஞ்செரிச்சல்னு விட்டுப் பல வருஷமாச்சு.”

“நெஞ்செரிச்சலுக்கு?”

“மாத்திரைதான். அதுவும் பல வருஷமாச்சு. காலையில டீக்கு முன்னாடி ஒண்ணு, நெஞ்செரிஞ்சா இன்னொண்ணு. யாரும் எழுதிக் குடுக்கல, நானே கண்டுபிடிச்சது.”

இதை மொழிபெயர்க்கும்போது ‘நானே கண்டுபிடிச்சது’ என்பதை விட்டுவிட்டேன். மாஸ்டர் என்னை முறைத்தார். “நான் சொன்னது நீளம். நீ சொன்னது குட்டை. மீதித் துணி எங்க?”

ரத்தம் பார்த்த பிறகு டாக்டரம்மா மூன்று பேரையும் முன்னால் உட்காரவைத்தார். அவர் சொன்னதை எப்படிச் சொல்வதென்று எனக்கு விளங்கவில்லை. கடை மொழியில் இறங்கினேன்.

“அக்காவோட ரத்தத்துல சட்டை தைக்கத் துணி பத்தல மாஸ்டர். அந்தத் துணிதான் இரும்பு. அதனால சிவப்பணு எல்லாம் சின்னதா, வெளிறிப்போய் வருது.”

“சரி.”

“உங்களுக்குத் துணி இருக்கு. வெட்டத்தான் தெரியல. அதுக்கு பி12னு ஒரு சத்து வேணும், கறி முட்டை பால்ல வர்றது. நீங்க அதையும் விட்டீங்க, மிச்சமீதி சேர்றதையும் அந்த மாத்திரை தடுத்துடுச்சு. உங்க அணு எல்லாம் பெரிசா, முடிக்காம வெளிய வருது.”

“கை வைக்காத சட்டைய டெலிவரி பண்ற மாதிரி.”

“அதேதான்.”

“எந்தக் கடையில அப்படிப் பண்ணுவான்?” என்று மாஸ்டர், ரத்தம் தயாரிக்கிற தன் எலும்புமஜ்ஜைமேல் கோபப்பட்டார். பிறகு, “ஆனா எண்ணு ஏறிச்சே,” என்றார்.

அக்காவின் மாத்திரையைப் பங்கு போட்ட கதையோடு சேர்த்து நான் அதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. அக்காவின் மாத்திரையிலிருந்த ஃபோலிக் அமிலம் ரத்தத்தை ஓரளவு ஒட்டுப்போட்டுவிட்டது. நரம்பை அதால் தொட முடியாது. நரம்புக்கு பி12தான் வேண்டும். வெளியே கணக்கு நன்றாகத் தெரிய, உள்ளே கால் போய்க்கொண்டிருந்தது.

நான் மெதுவாகச் சொல்லி முடித்தேன். மாஸ்டர் ஒன்றுதான் கேட்டார். “மறுபடி பெடல் மிதிப்பேனான்னு கேளு.”

ஊசி போடலாம். ரத்தம் சீக்கிரம் சரியாகும். நரம்பு மெதுவாகத்தான் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இதைச் சுருக்காமல் அப்படியே சொன்னேன்.

இஸ்திரிதான் மூக்கை நுழைத்தார். “எனக்கு என்னன்னு சொல்லலையே?”

அவருக்கு அணுக்கள் பிறவியிலேயே சின்னவை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த தலசீமியா கூறு; நோய் இல்லை, அதன் சுவடு மட்டும். அக்காவுக்கு அது வரவில்லை. இரும்பு நிறைய இருக்கிறது, மாத்திரை வேண்டாம், வைத்தியமும் வேண்டாம்.

“துணி நிறைய இருக்கு. பேப்பர் பேட்டர்னே சின்ன சைஸ்,” என்றேன்.

“அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா?” அவர் குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். “இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் வியாதியா?”

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கும் இது இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்குக் கடுமையாக வரலாம் என்றார் டாக்டரம்மா.

“பொண்ணு கெடச்சா நேரா இங்கதான் கூட்டிட்டு வருவேன்னு சொல்லு மாடி. கல்யாணச் சத்திரம் பாக்கறதுகூட அப்புறம்தான்.”

ஊசி தொடங்கியது. மாஸ்டர் முட்டை தின்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. முதலில் நாக்கு தேறியது. டீ சுடுகிறது என்று சத்தம் போட்டார். முகத்தின் மஞ்சள் போயிற்று. கால் மட்டும் பேசவில்லை. அவர் வெட்டினார், அக்கா மோட்டார் மெஷினில் தைத்தார். மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வெட்டினார். என் கட்டில் அதிரவில்லை. நான் காரணமில்லாமல் அடிக்கடி இறங்கி வந்து அவர் காலைப் பார்த்துவிட்டுப் போனேன்.

“நட்டுவச்ச செடியா அது? தண்ணி ஊத்திட்டுப் போயேன்,” என்றார் ஒருமுறை.

மழைக்காலம் முடியும் சமயம். நான் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே மாஸ்டர் அலறினார். வாயில் நுரையோடு ஓடினேன்.

மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். “ஒரு வீடுன்னா கூட்டிப் பெருக்கணும். கடை பூரா குண்டூசி. கால வைக்க வழியில்ல. பொம்பளையா நீ?”

“நேத்துதான் பெருக்கினேன். கண்ணு தெரியலன்னா...” என்று ஆரம்பித்த அக்கா நடுவில் நிறுத்திவிட்டார். மோட்டார் மெஷினும் நின்றது. மாஸ்டர் குண்டூசியைப் பிடுங்கி, விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வலிக்குதா?” என்றார் இஸ்திரி.

“உயிர் போகுது.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. “இனிமே பெருக்கவே மாட்டேன்,” என்றார்.

மாஸ்டர் யாரையும் பார்க்காமல் போய்ப் பழைய மெஷினில் உட்கார்ந்தார். ஒரு துண்டுத் துணியை வைத்து மிதித்தார். தையல் கொஞ்சம் வளைந்துதான் போனது. நிறுத்தவேண்டிய இடத்தை ஒரு நூல் தாண்டித்தான் நின்றது. இன்னொரு முறை மிதித்தார். பிறகு பாதத்தால் பெடலைத் தடவினார். அவர் முகம் கோணியது.

“சொரசொரன்னு இருக்கு,” என்றார். “துரு. இத்தனை மாசம் ஒருத்தராவது எண்ணெய் விட்டீங்களா? அந்த ரிப்பேர்காரனைக் கூப்பிடு.”