சர்ட்டிபிகேட் கேட்கப் போன தேவயானி

எங்க சின்னம்மா தேவயானிக்கு முப்பத்தெட்டு வயசு. சித்தூர்ல ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில லேப் பார்க்கறாங்க. பதிமூணு வருசமா மாங்கூழை வாயில வெச்சு வெச்சுத் துப்பினதால, மாம்பழம்னாலே முகத்தைத் திருப்பிக்குவாங்க. கல்யாணம் ஆகல. நான் இன்டர்ல, அதான் ப்ளஸ் டூவுல, மூணு சப்ஜெக்ட் ஃபெயிலானதும், "அவகூட இருந்தா திருந்துவே"ன்னு எங்கம்மா அம்சவேணி என்னை நாகலாபுரத்திலிருந்து கொண்டாந்து இங்க விட்டாங்க. திருந்தல.

வந்த வாரமே ஒரு வேலை பண்ணினேன். சின்னம்மா போன்ல என் நம்பரைக் 'கலெக்டர் ஆபீஸ்'னு மாத்தி வெச்சு, பக்கத்து ரூம்லேருந்து கூப்பிட்டேன். துன்னுக்கினு இருந்தவங்க கையைக் கழுவிட்டு, எழுந்து நின்னு, "செப்பண்டி சார், சொல்லுங்க சார்"னாங்க. விழுந்து விழுந்து சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. பேரைத் திருப்பி மாத்தறப்போதான் வந்த கால் எல்லாம் பார்த்தேன். ஒரு மாசத்துல கேஸ் கம்பெனி, லோன் வேணுமான்னு கேக்கற பொண்ணு, எங்கம்மா ரெண்டு தடவை. அவ்வளவுதான். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

சீசன்ல ஃபேக்டரியில முந்நூறு பேர். ஆகஸ்ட்டோட எல்லாரும் போயிடுவாங்க. மிச்சம் மேனேஜர், வாட்ச்மேன், ஆபீஸ்ல தரணின்னு ஒரு பொண்ணு, சின்னம்மா. ஒவ்வொரு பேட்ச்லேருந்தும் சில டின்னை எடுத்து லேப்ல அடுக்கி வெச்சிருப்பாங்க. மாசாமாசம் ஒண்ணைத் திறந்து, கெட்டுப்போச்சான்னு பார்த்து எழுதணும். ஒண்ணும் கெட்டுப்போகாது. ஒருநாள் சோறு கொண்டுபோனேன். உள்ளே, "நீ எப்ப வந்தே, ஜூன்லயா?"ன்னு ஒரு டின்கிட்ட பேசிக்கினு இருந்தாங்க. கொஞ்ச நேரம் வெளியவே நின்னுட்டு, செருப்பை நல்லா சத்தமா தேச்சுக்கினு உள்ளே போனேன்.

இப்படி இருந்தவங்க யாருக்கும் சொல்லாம பி.ஜி. என்ட்ரன்ஸ் எழுதிட்டாங்க. திருப்பதியில எம்.எஸ்சி. சீட்டும் வந்துடுச்சு. இருபத்திரண்டு வயசுல இதே படிப்புல சேர்ந்து, அவங்க நைனா நோவுல படுத்துட்டார்னு ஆறாம் மாசமே விட்டுட்டு வந்தவங்க அவங்க.

எங்கம்மா போன்ல கேட்டாங்க: "படிச்சு முடிக்கறச்சே உனக்கு நாப்பது. அங்க இருக்கற பொண்ணுங்க உன்னை அத்தைன்னு கூப்புடுவாளுங்கடி."

"கூப்புடட்டுங்க்கா. யாராச்சும் கூப்புட்டா சரி."

சிக்கல் வேற இடத்துல இருந்தது. வேலைக்குச் சேரறப்பவே ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டறது அந்த ஃபேக்டரி வழக்கம். திருப்பிக் கேட்டா வேலையை விட்டதாத்தான் அர்த்தம். விட்டுட்டு, அங்கயும் சேர முடியலன்னா ரெண்டும் போச்சு.

ஜெராக்ஸ் செல்லுமான்னு கேக்க சனிக்கிழமை திருப்பதிக்குப் போனோம். காலேஜ் வாசல்ல இருந்த ஆளு சின்னம்மாவைப் பார்த்து, "பேரண்ட்ஸ் அந்தா அக்கட கூர்ச்சோண்டி"ன்னு அங்க உக்காரச் சொல்லி ஒரு நாற்காலி வரிசையைக் காட்டினாரு. "நான்தான் ஸ்டூடண்ட்"னு சொல்லுவாங்கன்னு பார்த்தா, போய் அமைதியா உக்காந்துட்டாங்க. பக்கத்துல இருந்த ஒரு அம்மா என்னைக் காட்டி, பொண்ணு என்ன படிக்கப் போறான்னு கேட்டாங்க.

"எம்.எஸ்சி."ன்னாங்க சின்னம்மா.

இன்டர்கூடத் தாண்டாத நான், உக்காந்த இடத்துலயே டிகிரி வாங்கிட்டேன்.

"எழுந்திரு சின்னம்மா. லைன்ல நீதான் நிக்கணும். வேணும்னா நான் உனக்கு அம்மாவா இங்க உக்காந்துக்கறேன்."

கவுன்டர்ல ஒரே பேச்சுதான். ஜெராக்ஸ் செல்லாது. செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒரிஜினல் வரலன்னா சீட் அடுத்தவங்களுக்கு.

திரும்பி வர்றப்போ, பஸ் பூதலப்பட்டு தாண்டினதும் சின்னம்மா என் பக்கம் திரும்பினாங்க. "ஜெயபிரகாஷ் சார் போவாதேன்னு சொன்னா என்னா பண்றதுடி?"ன்னாங்க. அவருதான் மேனேஜர். "பதிமூணு வருசம். நான் இல்லன்னா லேப் என்னா ஆவறது?"

ஞாயித்துக்கிழமை பூரா ஒத்திகை. நான் மேனேஜர். தலகாணியை வயித்துல கட்டிக்கினு, "போவாதம்மா தேவயானி, ஃபேக்டரியே படுத்துடும்"னு கெஞ்சினேன். சின்னம்மா கையைக் கட்டிக்கினு நின்னாங்க. "இல்ல சார், தரணிக்கு நான் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். சீசன்ல வேணும்னா வந்து பார்த்துக் குடுக்கறேன் சார்." நாலு தடவை சொல்லிப் பார்த்தாங்க. ஒவ்வொரு தடவையும் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கினாங்க. நான் கவனிக்காத மாதிரி தலகாணியைச் சரி பண்ணிக்கினு இருந்தேன்.

திங்கக்கிழமை காலையில நானும் கூடப் போனேன். சின்னம்மா கேட்டதும் மேனேஜர் எழுந்து பீரோவைத் திறந்தாரு. ஃபைலை எடுத்து, தூசி தட்டி, மேசை மேல வெச்சாரு.

"எல்லாம் இருக்கா பார்த்துக்கம்மா. இங்க ஒரு கையெழுத்து."

சின்னம்மா கையெழுத்துப் போட்டாங்க. போட்டுட்டு நின்னாங்க.

அவர் நிமிர்ந்து பார்த்தாரு. "லேப் சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போம்மா." திரும்பவும் போனைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு.

வெளிய வந்ததும், "ஒரு வார்த்தை கேக்கலடி"ன்னாங்க.

"நல்லதுதானே சின்னம்மா? அவரு அழுதிருந்தா நீ போயிருக்கவே மாட்டே."

"நல்லதுதான்."

ஃபேக்டரிக்கு எதிரேதான் பஸ் நிக்கும். நாளைக்குப் போலாம்னு நான் சொல்லிக்கினு இருக்கறப்பவே திருப்பதி பஸ் வந்துடுச்சு. சின்னம்மா கையை நீட்டி நிறுத்தினாங்க. "நீ வூட்டுக்குப் போ. நான் போய் இதைக் குடுத்துட்டு வந்துடறேன்."

ஜன்னலோரம் உக்காந்தாங்க. பக்கத்து சீட்டு காலி. மடியில ஃபைல். கண்டக்டர் விசில் அடிச்சு பஸ் நகர்ற வரைக்கும் ஃபேக்டரி கேட்டையே பார்த்துக்கினு இருந்தாங்க. அங்கேருந்து யாரும் வரல.