கொழிஞ்சாம்பாறையில் எரிந்த ஆன்டெனா

இல்லை, பாட்டுக் கேட்பதற்கு இல்லை. கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் ஆன்டெனா அது. பலகையில் ஒட்டிய தட்டையான செப்புக் கட்டம். அளவு மயிரிழை பிசகினாலும் அலை மாறிவிடும். நாளை கோயம்புத்தூர் கல்லூரியில் அதைச் சோதித்துக் காட்டினால்தான் எனக்குப் பட்டம்.

இன்று காலை மாமியார் அதை என் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

போன மாதம் நாத்தனாருக்குக் கரு கலைந்திருந்தது. செப்புத் தகட்டில் கட்டம் இருந்தால், இங்கே அது செய்வினை.

மந்திரவாதியை வரவழைத்தார்கள். அவர் அதை வெயிலில் திருப்பிப் பார்த்தார். “கோடு சுத்தமா இருக்குதுங்க. கை தேர்ந்தவ பண்ணுனது.”

என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

“அது என் படிப்புக்குங்க அத்தை,” என்றேன்.

“புள்ளையத் தின்னுபோட்டுப் படிப்பாமா படிப்பு!” மாமியார் தன் மகனிடம் திரும்பினார். “ஏங்கண்ணு, இது என்னன்னு உனக்குத் தெரியுமா?”

என் கணவர் இயற்பியல் விரிவுரையாளர். அதைச் செய்ய, செம்பை அரிக்கும் திராவகத்தை வாங்கி வந்ததே அவர்தான்.

“எனக்கொண்ணும் தெரியாதும்மா.”

வாசலில் தீ மூட்டினார்கள். செம்பு பலகையிலிருந்து உரிந்து சுருண்டது. நாத்தனார் என் முகத்தில் துப்பினாள்.

பிறகு கிணற்றடியில் கணவர் என் காதோரம் சொன்னார்: “இன்னொண்ணு பண்ணிக்கலாம். திராவகம் மிச்சம் இருக்குது.”

அவ்வளவு மெல்லிய குரலைப் பிடிக்க ஆன்டெனாவை எந்த அளவில் வெட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் மத்தியான பஸ்ஸில் கோயம்புத்தூர் வந்து, ஹாஸ்டலில் ஓர் அறை கேட்டேன்.