மூணு வருஷமா கேஸ்

"ஒரு விரலால காட்டு."

யார் எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும் சித்தி முதலில் சொல்வது இதுதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினால்கூட, "முழுக் கையால தடவாதீங்க, ஒரு விரலால காட்டுங்க" என்பார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது கணக்குப் பரீட்சை அன்று வயிறு வலித்தது. ஒரு விரலால் காட்டச் சொன்னார். விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் திருதிருவென்று விழித்தேன். அரை மணி நேரத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் சித்தி பதினாறு வருடம் ஒப்பந்த ஊழியர். படித்தது பத்தாவது. 'கார்டம்மா' என்றால்தான் அங்கே தெரியும். கவுன்டர் கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டையை இடுப்பு உயரத்தில் போட்டிருந்தார்கள். முதுகுவலிக்காரர் தன் முதுகுவலியைக் குனிந்துதான் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்டு, காப்பீடு ஒத்துக்கொள்ளும் ஆயிரத்துச் சொச்சம் சிகிச்சைகளில் எதில் அது அடங்கும் என்று பார்ப்பது சித்தியின் வேலை. உடம்பெல்லாம் வலி என்று ஒரு தலைப்பு அந்தப் பட்டியலில் கிடையாது.

"உடம்பெல்லாம் வலிச்சா கவர்மென்ட் தராதுப்பா. ஒரு இடம் சொல்லு."

பிறகு சீர்திருத்தம் வந்தது. ஏழு கையெழுத்து வாங்கிய இடத்தில் கணினி வந்தது. விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள்: நோயாளி சொல்வது, அவர் வார்த்தையிலேயே. திருத்தக் கூடாது, வாயில் வருவதை அப்படியே எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். நான் அப்போது பொருளாதாரம் கடைசி வருடம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் ஆய்வேட்டில் அந்தக் கட்டத்தைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சித்தி படித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா காலையில எட்டு மணியிலேருந்து வரிசையில நிக்கறவங்க வாயில வர்றத அப்படியே எழுதினா, என்னைப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க."

கடைசியில் அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டது என் அப்பா.

அப்பா மரக்கடையில் சுமை தூக்குபவர். மூன்று வருடமாக நெஞ்சில் ஏதோ செய்கிறது என்பார். ஒரு சோடா குடிப்பார், ஏப்பம் விடுவார், அடுத்த மரத்தைத் தூக்குவார். ஒருநாள் மரத்தோடு உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இதயக் குழாயில் பெரிய அடைப்பு, இன்றைக்கே ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்றார். காப்பீட்டு அனுமதி எண் வந்தால்தான் ஸ்டென்ட் அலமாரி திறக்கும். குழாய் விடும் அந்த அறையில் நான்கு மணியோடு வேலை முடிந்துவிடும். அன்று வெள்ளிக்கிழமை, அடுத்தது திங்கள்தான். திங்கள்வரை தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

சித்தியே காகிதத்தோடு கட்டிலுக்கு வந்தார்.

"மாமா, ஒரு விரலால காட்டுங்க."

அப்பா உள்ளங்கையால் நெஞ்சு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"மாமா, நெலம் அளக்கச் சொல்லல."

"அக்கா புருஷன் படுத்துக் கெடக்கான், உனக்கு நக்கல். மூணு வருஷமா இருக்கற கேஸ்டி இது, நடந்தா குத்துது. இப்ப வெறும் கேஸ்தான். ஒரு சோடா வாங்கிக் குடு, எந்திரிச்சுப் போயிடறேன்."

விதியை மீறும் பழக்கம் சித்திக்கு இல்லை. கேட்டதை அப்படியே தட்டினார்: 'மூணு வருஷமா கேஸ். நடந்தா குத்துது. இப்ப வெறும் கேஸ்தான்.'

பத்தரைக்கு அனுப்பினார். பதினொன்றுக்குத் திரையில் சிவப்பாக வந்தது: நிறுத்திவைப்பு. கொஞ்ச நேரத்தில் தலைநகரத்திலிருந்து சரிபார்ப்பு அதிகாரி கூப்பிட்டார். கவுன்டர் இரைச்சலில் காது கேட்காதென்று சித்தி எப்போதும் ஸ்பீக்கரில் போடுவார். வரிசை முழுக்கக் கேட்டது.

"மேடம், பேஷன்ட்டுக்கு எந்த ஸ்டேஷன்ல கேஸ்?"

"ஸ்டேஷன்ல இல்ல சார், நெஞ்சுல."

"நெஞ்சுல குத்தியிருக்கு. யாரு குத்தினது?"

"யாரும் குத்தல சார். தானா குத்துது."

"தானே குத்திக்கிட்டாரா? அப்ப அது வேற செக்‌ஷன் மேடம்."

"ஐயோ சார், மூணு வருஷமா இருக்கு!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். மூணு வருஷமா கேஸ் நடக்குது, இன்னும் முடியலையா?"

"ஏப்பம் விட்டா முடிஞ்சிரும் சார்!"

வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, குடலிறக்கக்காரர் ஒருவர் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அந்தக் கட்டத்தை மறுபடி முணுமுணுத்துப் படிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு மெதுவாக, "அந்த கேஸா?" என்றார்.

"அந்த கேஸ்தான் சார்."

புரிந்தது என்னவோ புரிந்துவிட்டது. ஆனால் போலீஸ் வழக்கு என்று ஒருமுறை குறி விழுந்தால் அதை எடுக்க மேலே இன்னொருவர் வேண்டும். அவர் கூட்டத்தில் இருந்தார். சித்தி பன்னிரண்டு முறை கூப்பிட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சோடா குடிக்காதீங்கன்னு" என்று அப்பாவையும் சோடாவையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார். நான் கையில் என் போனோடு நின்றேன். காப்பீட்டுச் சட்டம் எனக்கு அத்தியாயம் அத்தியாயமாகத் தெரியும். யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

அனுமதி எண் மூன்று இருபதுக்கு வந்தது. அதற்குள் அன்றைய கடைசி இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா. இருபத்தைந்து வருடம் நின்ற காலில் இரத்தக்குழாய் அடைத்து, பாதம் கறுத்திருந்தது. பச்சை அங்கி போட்டு, அறை வாசலில் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார்.

சித்தி அவரிடம் போனார். பதினாறு வருடத்தில் யாருக்காகவும் யாரையும் வரிசையில் முன்னே தள்ளாதவர். கவுன்சிலரின் மச்சானையே கடைசியில் போய் நிற்கச் சொன்னவர்.

"அக்கா, எங்க மாமாவுக்கு உங்க முறைய விட்டுக் குடுக்கறீங்களா? நான் செஞ்ச தப்பு. திங்கக்கெழமை மொத ஆளா உங்கள உள்ள அனுப்பறேன். என் பொறுப்பு."

இஸ்திரி அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேர்த்துக் கிடந்தார்.

"நின்னு பழகின காலு. இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும், கூட்டிட்டுப் போ. ஆனா கார்டம்மா, வாக்கு மாறக் கூடாது."

"மாறாதுக்கா."

அப்பா பிழைத்தார். திங்கட்கிழமை அந்த அறையின் இயந்திரம் பழுது. சரிசெய்யப் பதினொரு நாள் ஆனது. அனுமதியின் ஆயுள் ஏழு நாள். இஸ்திரி அக்கா மறுபடி விண்ணப்பித்தபோது சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டம் வந்திருந்தது: இனிமேல் வரிசை எண்ணைக் கணினியே போடும், யாரும் யாரையும் முன்னே தள்ள முடியாது. அவருக்கு விழுந்த எண் முந்நூற்று நாற்பது.

சித்தி கண்காணிப்பாளரிடம் போனார். காலைப் படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் அதே அதிகாரியைக் கூப்பிட்டார்.

"மேடம், உங்களுக்காக நான் ஒருத்தர முன்னாடி தள்ளினா, நாளைக்கு மந்திரிக்காகவும் தள்ளணும். அதை நிறுத்தத்தான இதைக் கொண்டுவந்தோம்?"

"சரிதான் சார்" என்று சித்தி போனை வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பதினாறு வருஷமா நான் கேட்ட ரூலு. வந்ததும் வந்துச்சு, நேரா என் தலையிலயே வந்து விழுந்துச்சு பாரு."

அந்த விதி சரியானது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என் அப்பா உயிரோடு இருப்பது அது சில நாள் தாமதமாக வந்ததால்தான் என்பதையும் சேர்த்து நினைத்தால், அடுத்த வரியை எழுத வரவில்லை.

எல்லாம் கணினிக்குப் போனதால் கவுன்டரை எடுத்துவிட்டார்கள். சித்தி முத்திரை, சாவி, நாற்காலி என்று ஒவ்வொன்றாக ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினார். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறார். கடைக்கு நேர்வழி எங்கள் தெருமுனைதான். அவர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அப்பா இனிமேல் சுமை தூக்கக் கூடாது. இஸ்திரி அக்காவுக்கு உதவுகிறேன் என்று போய், வங்கி மேனேஜரின் சட்டையில் முக்கோணமாக ஓட்டை போட்டார். "உங்கப்பா தேய்க்கறதுக்கு என் காலே தேவல" என்று என்னிடம் சொல்லி அவரை அனுப்பிவிட்டார் அக்கா.

போன வாரம் நான் அந்த வழியே போனபோது, இஸ்திரி அக்கா முக்காலியில் காலைத் தூக்கிவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எண் நூற்றுப் பதினெட்டுக்கு வந்திருக்கிறதாம்.

"உன் சித்திய நான் ஒண்ணும் திட்ட மாட்டேன், இந்தப் பக்கம் வரச் சொல்லு" என்றார்.

சித்தியிடம் சொன்னேன். பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவங்க முறையோட வரேன்னு சொல்லு."

இதுவரை போகவில்லை.