நாய்க்கு வந்த போன்

அம்மா செத்த அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. லாபு எஸ்டேட்டில் மிச்சமிருக்கும் ஒரே வரிசை வீடுகளில், ஒரே கூரைக்குக் கீழேதான் இருவரும் இருந்தோம். அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன் வைப்பான். எங்களில் அதுதான் வழக்கம். ஆனால் கடைசிவரை படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவர் அண்ணன். கொள்ளியும் தானே வைப்பதாகச் சொன்னார். வழக்கத்தை மாற்ற நான் யார்? நான்தான் வைத்தேன். அதற்குப் போய் இத்தனை வருஷம் ஒரு மனுஷன் வாயை மூடிக்கொள்வானா? நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பேசுவதில்லை என்றால் ஊமை இல்லை. எங்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் அண்ணன் அதனிடம் சொல்வார்.

“டேய், அடுப்புக்கு கேஸ் முடிஞ்சிருச்சுன்னு ஜாகா தொரைகிட்ட சொல்லு லா.”

நீலாயில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலை எனக்கு. அதனால்தான் இந்தத் தொரைப் பட்டம். நானும் விடுவேனா?

“டேய், நேத்தே வாங்கி வச்சாச்சுன்னு பெரிய மனுசன்கிட்ட சொல்லு. கண்ணு தெரியுதான்னும் கேளு.”

நாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் மகள் கல்யாணமாகிச் செண்டாயானில் இருந்தாள். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எங்கள் பேச்சைக் கேட்க வேறு யாரும் இல்லை.

போன வருஷம் தொழிற்சாலையில் எங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். கத்தியோடு அறைக்குள் பூட்டிக்கொண்டவனிடமும், மாடி விளிம்பில் ஏறி நிற்பவனிடமும் பேசிப் பேசியே காலம் கழித்து ஓய்வு பெற்ற போலீஸ்காரர்தான் வாத்தியார். புத்தி சொல்லாதே என்றார். அவன் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல். அவன் மனசில் கிடப்பது என்னவென்று பார்த்து, அதை வாய்விட்டுச் சொல். பிறகு சும்மா இரு. பொய் மட்டும் வேண்டாம், பிடிபட்டால் கதவு அப்புறம் திறக்காது. எனக்குச் சிரிப்பாக இருந்தது. நீலாயில் எவன் எனக்காக மாடி ஏறி நிற்கப்போகிறான்? பகல் சாப்பாட்டுக் கோழிதான் வீடு வரும்வரை என் நினைவில் இருந்தது.

கொஞ்ச நாளில் அண்ணன் காலில் புண் வந்தது. இனிப்புநீர் வியாதி உடம்பு, ஆறவில்லை. கால் விரலை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கால் போகும், அப்புறம் ஆளே போய்விடுவார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மகள் அழுதுகொண்டே போன் செய்தாள்.

“சித்தப்பா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்கதான் எதாச்சும் செய்யணும்.”

என் குணம்தான் தெரியுமே. நாயை எல்லாம் கூப்பிடவில்லை. கதவை இடித்து நேராகவே கத்தினேன்.

“காலு அழுகித்தான் சாவணுமா?”

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அப்போதுதான் அந்த வாத்தியார் நினைவுக்கு வந்தார். கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். நாய் வந்து பக்கத்தில் படுத்தது. நான் வாயே திறக்கவில்லை. என் வாய்க்கு அது லேசான தண்டனை இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“டேய், அவனுங்க வெட்டிட்டு அனுப்பிருவானுங்க. அப்பறம் படுக்கையில கெடக்கணும்.”

நாயின் தலையைத் தடவினேன். “படுக்கையில கெடக்கணும்னு சொல்றாருடா.”

“கெடந்தா பீ மூத்திரம் அள்ள யாரு இருக்கா? ஆத்தாவுக்கு நான் இருந்தேன்.”

நான் ஒருத்தன் இல்லையா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“அம்மாவுக்கு அவரு இருந்தாரு. தனக்கு யாருமில்லையேன்னு பயமா இருக்குதாம்டா.”

உள்ளே அவர் அழுதார். கதவு திறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

விரல் போனது, கால் பிழைத்தது. மகள் அவரைச் செண்டாயானுக்குத் தன்னோடு கூட்டிப்போனாள். புண்ணுக்குக் கட்டுப்போட, நேரத்துக்குச் சோறு கொடுக்க அங்கே ஆள் இருந்தது. நெருக்கமாக வீடுகள் கட்டிய அந்தத் தாமானில் நாயை வைத்துக்கொள்ள வழியில்லை, அது என்னோடு நின்றுவிட்டது. உள்ளே இருப்பவனை வெளியே கொண்டுவரத்தான் வாத்தியார் சொல்லித்தந்தார். அவன் வெளியே வந்து போய்விட்டால் வாசலில் உட்கார்ந்திருந்தவன் என்ன செய்வது? வேலை முடிந்து வந்தால் சுற்றிலும் செம்பனை மரங்கள், இரண்டு பக்கமும் காலி வீடுகள். அண்ணன் ரேடியோவை அலறவிடுகிறார் என்று தினமும் திட்டியவன் நான். இப்போது அந்தச் சத்தத்துக்கு மனசு ஏங்கியது.

சாயங்காலமானால் போன் வரும். எனக்கு இல்லை.

“அப்பா நாயிகிட்ட பேசணுமாம் சித்தப்பா,” என்பாள் மகள்.

ஸ்பீக்கரைப் போட்டு நாயின் முன்னால் பிடிப்பேன்.

“டேய், மழை வருது. கூரை ஒழுகுற எடத்துல சட்டி வைக்கச் சொல்லு. தெனம் பாக்கெட் மீ அவிச்சுத் தின்னுக்கிட்டு கெடக்காம ஜாகா தொரைய சோறாக்கச் சொல்லு.”

நாய் ஒரு தரம் குரைக்கும். அவர் வைத்துவிடுவார். நானும் போய் அரிசி களைவேன்.

போன மாசம் நாய் செத்துப்போனது. வயசாகிவிட்டது, பாவம். வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டுக் கை கழுவும்போதே போன் அடித்தது. அது இல்லை என்று சொல்லிவிட்டால் இனி எதற்காகக் கூப்பிடுவார்? வெறும் வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பேசினார். மறுநாளும் அப்படித்தான் நின்றேன், அதற்கு அடுத்த நாளும். பைத்தியக்காரன் மாதிரி அந்த வாரம் முழுக்க நின்றேன். இதுவும் பொய்தானே, வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

ஒரு நாள் அண்ணன் பாதிப் பேச்சில் நிறுத்தினார்.

“என்னாடா, கொரைக்கவே மாட்டேங்கிற?”

“கொரைக்கவே மாட்டேங்குது,” என்றேன். பழகிய வித்தை, தானாக வந்துவிட்டது.

தூங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

“செத்துப்போச்சுண்ணே. போன வாரமே.”

முடிந்தது, இனி போன் வராது என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். பிறகு மெதுவாக என்னையே கேட்டார்.

“அப்ப நீ ஒத்தையிலயாப்பா கெடக்கிற?”

வாத்தியார் சொன்னபடி கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வித்தையை விட்டுவிட்டேன்.

“ஆமாண்ணே,” என்றேன்.